கவிழ்த்துப் போட்ட கட்டர்தான் எல்லாரையும் விரட்டியதா?

சீவல்சுருள்:
உளிச்சத்தம் சார் போன வாரம் எழுதியதைப் படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தாம்பரம் பக்கம் அவர் கொட்டகையில் ஞாயிறுதோறும் மரவேலைக்குக் கூடுவோம். 2021ல் பதினெட்டுப் பேர் வந்தோம். போன மாதம் வந்தது மூன்று பேர். அதற்கு சார் கண்டுபிடித்த காரணம் இது: "மார்பிள் கட்டரைப் பலகைக்கு அடியில் கவிழ்த்து மாட்டி, அதை டேபிள் சா என்று சொல்லிக்கொண்ட கூட்டம். இழைப்புளியைத் தொடாமலே வந்தார்கள், அதனால்தான் நிலைக்கவில்லை." டேபிள் சா என்பது மேசை நடுவே பிளேடு நீட்டி நிற்கும் மின்ரம்பம். இழைப்புளி என்பது மரத்தைச் சீவி மட்டமாக்கும் கைக்கருவி.

அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் சார். 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை. ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடினால் ஆறு ஐந்துக்குப் பால்கனியில் ரம்பத்தோடு நிற்பேன். இப்போது வாரம் நான்கு நாள் சிறுசேரி அலுவலகத்துக்குப் போய்வர வேண்டும், வீடு திரும்ப எட்டரை. அந்த நேரத்தில் ஃபிளாட்டில் கொட்டாப்புளியை, அதாவது மரச்சுத்தியலைத் தூக்கினால் கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வருகிறார். ஞாயிறு ஒன்றுதான் மிச்சம், அதையும் வீட்டில் கேட்கிறார்கள். ஆள் குறைந்ததற்குக் காரணம் இது. கட்டர் இல்லை.

உளிச்சத்தம்:
தம்பி, நேராகக் கேட்கிறேன். கட்டரைக் கவிழ்த்தீர்களா, இல்லையா?

சீவல்சுருள்:
கவிழ்த்தேன். ஒரு நல்ல டேபிள் சா வாங்கும் காசுக்கு நான் இரண்டு மாத வாடகை கட்டலாம். கட்டர் மூவாயிரத்துச் சொச்சம். அதில்தான் என் மகளுக்குப் படிப்பு மேசை செய்தேன். இன்றைக்கும் ஆடாமல் நிற்கிறது.

உளிச்சத்தம்:
அப்படியானால் நான் சொன்னது சரி. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அது கல் அறுக்கச் செய்த கருவி. 110 மில்லிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 12,000 சுற்றுச் சுற்றினால் பல்லின் நுனி நொடிக்கு 69 மீட்டர் வேகத்தில் போகிறது. பத்து அங்குல டேபிள் சா 4,000 சுற்றில் ஓடினால் 53 மீட்டர்தான். பிளேடு சின்னது, ஆபத்தும் சின்னது என்று நினைக்கிறீர்கள், கணக்கு தலைகீழாக இருக்கிறது. அறுபட்ட மரம் பின்னால் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் தடுக்கிற தகடு அதில் கிடையாது. கவிழ்த்ததும் மேல் மூடியும் போயிற்று. கவ்விய மரம் உங்கள் வயிற்றைப் பார்த்துத்தான் பாயும். முறையான டேபிள் சாவிலேயே அமெரிக்காவில் ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் காயம்பட்டு மருத்துவரிடம் போகிறார்கள். விரல் பட்டதும் ஐந்து மில்லிசெகண்டுக்குள் பிளேடை நிறுத்தும் சாஸ்டாப் அங்கே வந்தது அதனால்தான். அங்கேயே அப்படி. இங்கே ஸ்விட்சை டேப் சுற்றி அமுக்கி வைத்துவிட்டு அறுக்கிறீர்கள்.

முதல் தடவை மரம் துள்ளியதும் பயந்து, எல்லாவற்றையும் பரணில் போட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். 2022ல் நம்மோடு இருந்த ஒருவருக்குக் கட்டைவிரல் நகம் போயிற்று. அதற்கப்புறம் அவர் வரவே இல்லை. கட்டர் விரட்டியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பூவரசு:
உளிச்சத்தம் அண்ணா, நகம் போனவர் மார்ச்சில் அடிபட்டார், ஜூன் வரைக்கும் வந்தார். கட்டுப் போட்ட விரலோடு என் பக்கத்தில் நின்றுதான் ஸ்டூல் கால் சீவினார். ஜூலையில் புனேவுக்கு மாற்றலாகிப் போனார். அவரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உளிச்சத்தம்:
நகம் போனதற்கு அப்புறம்தானே புனே போனார்?

பூவரசு:
நகம் போனதால் யாரையாவது புனேவுக்கு மாற்றுவார்களா அண்ணா?

மறந்துபோன இன்னொன்றை நானே சொல்லிவிடுகிறேன். புது இழைப்புளி கடையிலிருந்து வரும்போது ஒழுங்காகச் சீவாது. அதில் வெட்டும் இரும்புத் தகடான அலகின் பின்பக்கத்தை மட்டமாக்க வேண்டும், 25 பாகையில் சாணை பிடிக்க வேண்டும், நுனியை 30 பாகையில் தீட்ட வேண்டும். இதை முதல் நாளே யாராவது சொல்லித் தந்திருந்தால் பாதிப் பேர் இருந்திருப்பார்கள். நான் மூன்று மாதம் மழுங்கிய அலகோடு மல்லுக்கட்டினேன். அதிலும் தேக்கு. தேக்கில் சிலிக்கா இருக்கிறது, தீட்டிய அலகையே சீக்கிரம் மழுக்கிவிடும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நார் நாராகப் பிய்ந்து வந்தது. நீங்கள் வந்து பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் "என்னம்மா, தேங்காய் துருவுகிறாயா" என்று கேட்டீர்கள். என்னோடு வந்த இரண்டு தோழிகள் அடுத்த ஞாயிறு வரவில்லை. அவர்கள் இரண்டு பேரும் கட்டரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

உளிச்சத்தம்:
எனக்குக் கற்றுத் தந்த மேஸ்திரி அதைவிட மோசமாகத் திட்டியிருக்கிறார். ஆறு மாதம் சாணைக்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றத்தான் விட்டார். நான் ஓடவில்லை. முப்பத்தொரு வருடம் வங்கியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவன் நான், ஞாயிற்றுக்கிழமைக்காகவே ஆறு நாளைத் தள்ளியவன். ஒரு சொல்லுக்கு ஓடுகிறவர்கள் எப்படியும் ஓடியிருப்பார்கள்.

தச்சன்மகன்:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது பேசாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா கும்பகோணம் பக்கம் நாற்பது வருடம் தச்சுவேலை பார்த்தவர். வேங்கைக் கட்டையில் செய்த இழப்புலிதான் அவர் கையில் கடைசிவரை இருந்தது. என் அண்ணனும் அதே வேலைதான். அவன் கட்டரைக் கவிழ்த்துத்தான் கதவுச் சட்டம் அறுக்கிறான். பொழுது சாய்வதற்குள் முடித்தால்தான் கூலி. கட்டரைக் கவிழ்த்தவன் மரவேலைக்காரன் இல்லை என்றால் என் அண்ணன் யார் சார்?

உளிச்சத்தம்:
முதலில் அது இழைப்பு உளி. சேர்த்தால் இழைப்புளி. புலியும் இல்லை, இழப்பும் இல்லை. கருவியின் பெயரையே தப்பாக எழுதிவிட்டு மரபு பேச வருகிறோம்.

தச்சன்மகன்:
என் அப்பாவுக்கு எழுதவே தெரியாது சார். ஆனால் அவர் இறக்கிய கழுந்துக்கும், அதாவது துளைக்குள் நுழையும் மரநாக்குக்கும், துளைக்கும் நடுவில் ஒரு தாள் நுழையாது. நீங்கள் ளகரம் சரியாகப் போடுகிறீர்கள். போன வருடம் நீங்கள் காட்டிய புத்தக அலமாரியின் கழுந்தில் ஆப்பு வைத்து அடைத்திருந்ததை நானும் பார்த்தேன்.

உளிச்சத்தம்:
அந்த ஆப்பு வேண்டுமென்றே வைத்தது. ஆப்பு வைத்த கழுந்து என்று ஒரு முறையே உண்டு. உங்கள் அப்பாவைக் கேட்டால் சொல்லுவார்.

தச்சன்மகன்:
அப்பா இல்லை. 2019ல் போய்விட்டார்.

உளிச்சத்தம்:
வருந்துகிறேன். ஆனாலும் ஆப்பு முறை உண்டு.

பழையகதவு:
நான் காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டு மரம் வாங்கி விற்கிறவன். யாருமே மரத்தைப் பற்றிப் பேசவில்லையே. மரம் இல்லாமல் என்ன மரவேலை? 2014 ஏப்ரலில் மியன்மார் முழுத்தடி ஏற்றுமதியை நிறுத்தியது. இன்றைக்குக் கடையில் தேக்கு என்று கிடைப்பதில் நிறைய கானா, ஈக்வடார், பிரேசில் தோட்டத்து மரம். வயது குறைவு, வெளிப்பக்கத்து மென்மரமான வெளிறு அதிகம், உள்ளே இருக்கும் கெட்டி மரமான வைரம் கொஞ்சம். விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஒரு சின்னப் பெட்டி செய்யக் கால் கன அடி மரம் கேட்டுப் போனால் மரவாடியில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். நாலைந்து கன அடி எடுத்தால்தான் ஆளைத் திரும்பிப் பார்ப்பார்கள். புதிதாக வருகிறவன் இரண்டு தடவை போவான், மூன்றாவது தடவை வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவான்.

சீவல்சுருள்:
இது உண்மை. நான் துறைமுகம் வழியாக வரும் பேக்கிங் பெட்டிப் பைன் மரத்தில்தான் பழகினேன். கிலோக் கணக்கில் கிடைக்கும். முத்திரை பார்த்து எடுக்க வேண்டும். எச்.டி. என்று இருந்தால் நடுமரம் 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடேறியது, எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லிப் புகை போட்டது. புகை போட்டதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. இந்த விஷயத்தைக்கூட நாங்களே தேடித்தான் தெரிந்துகொண்டோம்.

உளிச்சத்தம்:
பேக்கிங் பெட்டி, பிளைவுட், மரநாரை ஒட்டி அழுத்திய எம்.டி.எஃப். பலகை. இதில் எது மரம்?

பழையகதவு:
பைன் மரம் இல்லையா?

உளிச்சத்தம்:
பைன் சரி. பிளை மரம் இல்லை. அது ஒட்டு.

பூவரசு:
ஐ.எஸ். 303, ஐ.எஸ். 710 என்று தர முத்திரை பார்த்து வாங்கிய பிளையில் நான் சமையலறை அலமாரி செய்தேன். மரத்தை மெல்லிய தாளாக உரித்து, ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கி ஒட்டியதுதான் பிளை. அதனால்தான் நம் ஊர் மழைக்காலத்தில் ஊதிப் பிளக்காமல் நிற்கிறது. உங்கள் கொட்டகைக் கதவு ஒவ்வொரு நவம்பரிலும் திறக்க வராமல் போகிறதே, அது முழுத் தேக்குதானே?

உளிச்சத்தம்:
அந்தக் கதவு 1998ல் செய்தது. இன்னும் நிற்கிறது. பேச்சை மாற்றாதீர்கள். வந்த பதினெட்டுப் பேரில் கட்டரோடு வந்தவர்கள் பதினொரு பேர். இன்றைக்கு மிச்சம் இருப்பது நானும் இன்னும் இரண்டு பேரும். மூன்று பேரும் கைக்கருவிக்காரர்கள். இந்தக் கணக்குக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

சீவல்சுருள்:
சொல்கிறேன். அந்த மூன்று பேரில் நீங்கள் ஓய்வு பெற்றவர். இன்னொருவரும் ஓய்வு பெற்றவர். மூன்றாமவர் உங்கள் தெருவிலேயே இருக்கிறார். கைக்கருவி உங்களை நிறுத்தவில்லை சார், ஓய்வூதியமும் சொந்த இடமும் நிறுத்தின. எனக்கு ஒரு கொட்டகை கொடுங்கள், நான் இழைப்புளியே கதி என்று கிடக்கிறேன்.

உளிச்சத்தம்:
கொட்டகை திறந்துதானே கிடக்கிறது? காலை ஏழு மணிக்கு டீ போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போன ஞாயிறு ஒன்பதரை வரைக்கும் ஒருவரும் வரவில்லை. இரண்டு பெஞ்சு, ஆறு பட்டறைப் பிடி, நான் தீட்டி வைத்த பன்னிரண்டு உளி. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஓசியில் சொல்லித் தருகிறேன். வருகிறவர்கள் முதல் கேள்வியாக பிளக் பாயின்ட் எங்கே என்று கேட்கிறார்கள். எனக்கு வயிறு எரியாதா? பலகை மேல் இழைப்புளி ஒரு தடவை சரியாக ஓடும்போது வருகிற சத்தத்தைக் கேட்டவர்கள் விட்டுப் போக மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன். கட்டர் போடும் சத்தத்தில் அது கேட்காது. அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

பூவரசு:
அண்ணா, நான் அந்தச் சத்தத்தைக் கேட்டவள். என் பாட்டி வீட்டுப் பூவரசங்கட்டையில், நானே தீட்டிய அலகில். சுருள் கண்ணாடி மாதிரி வந்தது. ஆனால் அது உங்கள் கொட்டகையில் நடக்கவில்லை. தேங்காய் துருவல் பேச்சுக்கு அப்புறம் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடித் துண்டில் ஒட்டிய உப்புத்தாளில் தீட்டிப் பழகினேன்.

உளிச்சத்தம்:
உப்புத்தாளா? கல் என்ன ஆயிற்று?

பூவரசு:
நல்ல கல் ஐயாயிரம் ரூபாய்.

உளிச்சத்தம்:
உப்புத்தாளில் தீட்டினால் நுனி உருண்டுபோகும்.

பூவரசு:
உருளவில்லை.

உளிச்சத்தம்:
உருளும்.

தச்சன்மகன்:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கட்டரைக் கவிழ்த்த என் அண்ணன் மரவேலைக்காரனா, இல்லையா?

உளிச்சத்தம்:
உங்கள் அண்ணன் தொழில்காரர். அவர் செய்வது பிழைப்புக்கு. நான் பேசுவது பொழுதுபோக்குக்கு வந்தவர்களைப் பற்றி. இரண்டையும் ஏன் சேர்க்கிறீர்கள்?

தச்சன்மகன்:
விரலுக்குத் தெரியுமா சார், எது பிழைப்பு எது பொழுதுபோக்கு என்று? உங்கள் வாதப்படி ஆபத்து என்றால் அவனுக்கும் ஆபத்துதான். அவன் பதினாறு வருடமாக விடவில்லை. கட்டர் ஆளை விரட்டும் என்றால் அவன் என்றைக்கோ ஓடியிருக்க வேண்டும்.

உளிச்சத்தம்:
அவருக்கு வேறு வழியில்லை.

தச்சன்மகன்:
அதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிப் பாருங்கள்.

பழையகதவு:
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய பர்மா தேக்கு உத்திரம் ஒன்று வந்திருக்கிறது. ஆணியெல்லாம் பிடுங்கிவிட்டேன். இரண்டடித் துண்டுகளாக அறுத்துத் தருகிறேன், வேண்டியவர்கள் சொல்லுங்கள்.

சீவல்சுருள்:
எதில் அறுப்பீர்கள்?

பழையகதவு:
கட்டரில்தான்.

உளிச்சத்தம்:
இதைத்தான் சொன்னேன். நாலு அங்குலப் பிளேடு தடித்த உத்திரத்தில் முழுதாக இறங்குமா? ஒன்றேகால் அங்குலம் போகும். அப்புறம் புரட்டிப் போட்டு மறுபக்கம் அறுப்பீர்கள், இரண்டு வெட்டும் சேராது. பர்மா உத்திரத்தை இப்படிக் கொல்லாதீர்கள். கைரம்பத்தில் அறுங்கள். நான் வந்து ஒரு பக்கம் பிடிக்கிறேன்.

பழையகதவு:
காரைக்குடிக்கா?

உளிச்சத்தம்:
பஸ் இல்லையா என்ன?

சீவல்சுருள்:
அங்கே போக எட்டு மணி நேரம் இருக்கிறது. 2022 தீபாவளிக்கு என்னிடம் வாங்கிய ஸ்டான்லி கம்பெனியின் நான்காம் நம்பர் இழைப்புளியைத் திருப்பித் தர ஒரு ஞாயிறு இல்லை. நான் இருக்கும் மடிப்பாக்கம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது சார். இழைப்புளியைத் தொடாத கூட்டம் என்று எழுதினீர்களே, என் இழைப்புளி உங்கள் பெஞ்சில் இருக்கிறது.

உளிச்சத்தம்:
அதன் வாய் துருப்பிடித்துக் கிடந்தது. அடிப்பாகத்தைத் தேய்த்து மட்டமாக்கி, அலகைத் தீட்டி, புதுப் பிடி போட்டு வைத்திருக்கிறேன், பூவரசங்கட்டையில். வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று மூன்று தடவை செய்தி அனுப்பினேன். வந்தால் கட்டர் இல்லாமல் வாருங்கள்.

சீவல்சுருள்:
கட்டரோடுதான் வருவேன்.