வெளிநாடு செல்லுமுன் மதுரையில் கடைசிப் பகல்

கேள்வி: தோள்பையுடன் தென்மாவட்டங்களை எல்லாம் சுற்றிவிட்டு, ஞாயிறு அதிகாலை மதுரைக்கு வந்து சேர்கிறேன். மறுநாள் சென்னை வழியாக நியூசிலாந்துக்குக் குடிபெயர்கிறேன். எஞ்சியுள்ள அந்த ஒரு நாளை எங்கே செலவிடலாம் என்று மதுரைக்காரர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: வெயில் ஏறுமுன் கீழக்குயில்குடி சமணர் மலைக்குச் சென்றுவிடுங்கள். அடிவாரத்துத் தாமரைக் குளத்தையும் அய்யனார் கோயிலையும் கடந்து, பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால், பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர்கள் எனப்படும் சமண அருளாளர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக இருக்கும். அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்களைச் சொல்லும் வட்டெழுத்து (பழைய தமிழ் எழுத்துமுறை) வரிகள் கீழேயே உள்ளன, விரல் படாமல் பாருங்கள். திருமலை நாயக்கர் மகாலுக்குப் போவது உங்கள் விருப்பம். எனக்கு அது ஒரு முறை போதும்.

பதில் 2: மீனாட்சியம்மன் கோயிலில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் அதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியறைப் பூசைக்காகச் சொக்கநாதரின் திருவடிகளைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிக்கு எடுத்துச் செல்வதைக் காணலாம். உள்ளே கைபேசிக்கு அனுமதியில்லை.

பதில் 3: ஊர் சுற்றுவதற்கிடையே ஒரு மணி நேரத்தை மூட்டைக்கும் ஒதுக்குங்கள், தம்பி. பயன்படுத்திய மலையேற்றக் காலணி, கூடாரம் ஆகியவற்றை நியூசிலாந்தில் இறங்கும்போது அங்குள்ள அதிகாரிகளிடம் கட்டாயம் அறிவிக்க வேண்டும். காலணியின் அடிப்பள்ளங்களில் ஒட்டியுள்ள மண்ணையும் விதைகளையும் பழைய பல்துலக்கியால் சுரண்டிக் கழுவி, விடுதி மொட்டைமாடியிலேயே காயவைத்துவிடுங்கள். அறிவிக்கத் தவறினால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிப்பார்கள்.