பத்தாம் வகுப்பு மாணவி அடித்து எழுதிய சீட்டு: தயக்கம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை, கரூர் மாவட்டம்

வணக்கம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு என்னவாக விருப்பம் என்று எங்கள் பிள்ளைகளைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். மாணவிகளின் சீட்டுகளில் டீச்சர், நர்ஸ், வங்கி வேலை என்பவையே திரும்பத் திரும்ப வந்தன. மாணவர்களில் ஒருவர்கூட நர்ஸ் என்று எழுதவில்லை. ஒரு மாணவி மட்டும் "டிப்ளமோ மெக்கானிக்கல்" என்று எழுதி, இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே "டீச்சர்" என்று எழுதியிருந்தாள். வீட்டில் தடுக்கிறார்களோ என்று விசாரித்தேன். அவள் தந்தை இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருப்பவர். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே வளர்ந்த மகள் அதையே படிப்பதில் அவருக்கு மகிழ்ச்சிதான். அப்படியானால் இந்தத் தயக்கத்தை எங்கே போய்த் தேடுவது?

பதில் 1: தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு, ஓசூர்

டீச்சர், நான் மெக்கானிக்கல் டிப்ளமோவில் சேர்ந்தபோது வகுப்பில் நாங்கள் இருவரே பெண்கள். ஃபிட்டிங் பயிற்சியில் இரும்புத் துண்டை அரத்தால் ராவி, செங்கோணம் சரிபார்க்கும் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் ஒளிக்கீற்று தெரியக் கூடாது. அதற்கு வேண்டியிருந்தது தோள்வலிமை அன்று, அவசரப்படாத கை என்பது ஒரே வாரத்தில் விளங்கிவிட்டது. அறிவுரை சொல்வதைவிட, அருகிலுள்ள பாலிடெக்னிக் பணிமனைக்கு அந்தப் பெண்ணை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருந்து தேர்வும் பெற்றால், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு ரூ.50,000 கிடைக்கும், அரசுப் பள்ளி மாணவி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ரூ.1,000 பற்றியும் கேட்டுப் பாருங்கள்.

பதில் 2: செவிலியர், மதுரை

மாணவர்களில் ஒருவரும் நர்ஸ் என்று எழுதாததில் எனக்கு வியப்பில்லை. நான் பி.எஸ்ஸி. நர்சிங் சேர்ந்ததை என் பெற்றோர் இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டனர்; உடன் படித்த பையன்களையோ இன்றும் திருமண வீடுகளில் "என்ன சிஸ்டர்" என்றுதான் அழைக்கிறார்கள். ஆணுக்கு இங்கே வேலை இல்லை என்பதும் உண்மையன்று. எய்ம்ஸ் மருத்துவமனைகளின் செவிலியர் பணியிடங்களில் 20 விழுக்காடு ஆண்களுக்கு உரியது. பெண் இயந்திரம் படித்தால் துணிச்சல் என்று ஒருவராவது பாராட்டுவார். ஆண் செவிலியம் படித்தால், டாக்டர் சீட் கிடைக்கவில்லையா என்று கேட்பார்கள். ஆகவே பையன்களின் சீட்டுகளையும் கொஞ்சம் கவனியுங்கள்.

பதில் 3: தொழிலாளர் சட்ட வழக்கறிஞர், சென்னை

பழியை முழுவதும் பிள்ளைகள் தலையில் போட வேண்டாம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 66ஆம் பிரிவில், இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்கள் ஆலையில் வேலை செய்வதைத் தடுத்தது. அந்தத் தடை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2000ஆம் ஆண்டில்தான். மூன்று ஷிஃப்டுக்கும் வர இயலாதவரை எதற்கு எடுப்பது என்று நிறுவனங்கள் அதுவரை வெளிப்படையாகவே சொல்ல முடிந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் வளர்ந்த தலைமுறைதான் இன்றைய பிள்ளைகளின் பெற்றோர்.

அடித்து எழுதிய சீட்டு என்றதும் வேறொன்றும் நினைவுக்கு வந்தது. பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்த ஏ. லலிதா, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து 1943இல் நாட்டின் முதல் பெண் மின்பொறியாளர் ஆனார். அவரது சான்றிதழில் ஆங்கிலத்தில் "அவன்" என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு "அவள்" என்று எழுதித்தான் கொடுத்தார்கள்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. நேற்று அந்த மாணவியைத் தனியே அழைத்து, ஏன் அடித்தாய் என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த தோழி எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள் என்றாள். சீட்டுகளை வகுப்பிலேயே, ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார வைத்து எழுதச் சொன்னது நான்தான். திங்கட்கிழமை புதுச் சீட்டுகளை வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறேன்.