இன்னொரு டிஸ்க் மாட்டியதும் எஸ்டிஏ, எஸ்டிபி ஆகிவிட்டது. என்க்ரிப்ட் செய்த டெபியன் எழவில்லை

கேள்வி (யாங்கோன்)

அண்ணன்மாருக்கு வணக்கம். கடைக் கணக்கு வைத்திருக்கும் டெஸ்க்டாப், டெபியன் 12. இதுவரை இரண்டு எஸ்எஸ்டி. எஸ்டிஏ-வில் சிஸ்டம்: எஸ்டிஏ1 இஎஃப்ஐ (பூட் லோடர் இருக்கும் பகுதி), எஸ்டிஏ2 பூட், எஸ்டிஏ3 லக்ஸ் (என்க்ரிப்ட் செய்த பகுதி). எஸ்டிபி1 முழுக்க ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் இடம்). பேக்கப்புக்காக 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் காலியாக இருந்த சாட்டா போர்ட்டில் மாட்டினேன். அதில் இன்னும் பார்ட்டிஷன் போடவில்லை.

இப்போது பாஸ்வேர்டே கேட்பதில்லை. எஸ்டிஏ3-க்காகக் காத்திருப்பதாக ஒரு வரி வருகிறது, கொஞ்ச நேரத்தில் இனிட்ராம்எஃப்எஸ் (டிஸ்கைத் திறக்கும் முன் ஓடும் குட்டி சிஸ்டம்) ஷெல்லில் போய் நிற்கிறது. நாலு தடவை ஆன் செய்தால் ஒரு தடவை ஒழுங்காக எழுகிறது. புது டிஸ்கைக் கழற்றினால் எந்தக் குறையும் இல்லை. என்க்ரிப்ட் செய்த பகுதிகளின் பட்டியலான /இடிசி/கிரிப்ட்டேப் இப்படி இருக்கு:

எஸ்டிஏ3_கிரிப்ட் /டெவ்/எஸ்டிஏ3 நன் லக்ஸ்
ஸ்வாப்0 /டெவ்/எஸ்டிபி1 /டெவ்/யுரேண்டம் ஸ்வாப்

பதில் 1 (பெகு)

தம்பி, வேற எதையும் தொடுறதுக்கு முன்னாடி இரண்டாவது வரியை # போட்டு நிறுத்துங்க. யுரேண்டம் (ஒவ்வொரு தடவையும் புதுசா வர்ற ரேண்டம்) சாவியோட இருக்கிற ஸ்வாப், ஒவ்வொரு தடவை மெஷின் எழும்போதும் அந்தப் பார்ட்டிஷனைப் புதுசா எழுதும். பெயர் ஒரு இடம் தள்ளிப்போச்சுன்னா எஸ்டிபி1 யாரு? உங்க இஎஃப்ஐ பார்ட்டிஷன். பெயர் மாறினப்போ எல்லாம் ரூட்டே (சிஸ்டம் இருக்கிற பார்ட்டிஷன்) திறக்காததால அந்த வரிக்கு வேலை வரல. முதல் வரியை மட்டும் சரிபண்ணி ரீபூட் கொடுத்தா, பாஸ்வேர்டு கேட்கும், சிஸ்டம் எழும், ஆனா இஎஃப்ஐ அழியலாம். சில பதிப்புகள் சோதித்துத் தடுக்கும். அதை நம்பி இறங்காதீங்க.

காரணம் இதுதான்: எஸ்டிஏ, எஸ்டிபி எல்லாம் டிஸ்கோட பெயர் இல்லை, கெர்னல் கண்ணுல பட்ட வரிசை. எந்த டிஸ்க் முதல்ல பதில் சொல்லுதோ அது ஏ. அதனாலதான் நாலுல ஒண்ணு சரியா வருது. கேபிளை மாத்தி மாத்திச் செருகிப் பயனில்லை.

டிஸ்கைக் கழற்றினா எழுதுன்னு சொன்னீங்க, அதுவே நல்லது, லைவ் யூஎஸ்பி தேவையில்லை. கழற்றிட்டு எழுப்பி, ரூட் யூஸரா (அட்மின்) இருந்து:

கிரிப்ட்செட்டப் லக்ஸ்யூயூஐடி /டெவ்/எஸ்டிஏ3

வர்ற 36 எழுத்தைக் கிரிப்ட்டேப் முதல் வரியில /டெவ்/எஸ்டிஏ3-க்குப் பதிலா யூயூஐடி= போட்டு எழுதுங்க. யூயூஐடி-ங்கிறது அந்தப் பகுதிக்குள்ளேயே பதிஞ்சிருக்கிற அடையாள எண், வரிசை மாறினாலும் மாறாது. முதல் கட்டத்துல இருக்கிற எஸ்டிஏ3_கிரிப்ட் என்ற பெயரை மாத்தவே மாத்தாதீங்க. அது வெறும் அழைப்புப் பெயர், டிஸ்க் எஸ்டிசி ஆனாலும் அப்படியே இருக்கலாம். அதை மாத்தினா எஃப்எஸ்டேப்பும் (எது எங்கே மவுண்ட் ஆகணும்கிற பட்டியல்) ஒத்துப்போகாது. பிறகு:

அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்

நம்ம ஊருல கரண்ட் முறை வச்சு வருது. முறை முடியப்போற நேரத்துல இதை ஓட்டாதீங்க. பாதி எழுதின இனிட்ராம்எஃப்எஸ் எழாது. இன்வெர்ட்டர் பேட்டரி நிறைஞ்சிருக்கட்டும்.

கேட்டவர்

ஸ்வாப் வரியை நிறுத்திவிட்டேன் அண்ணே. யூயூஐடி போட்டு அப்டேட்டும் செய்தேன். இப்போது புது டிஸ்க் இல்லாமலும் எழவில்லை! யூயூஐடி=4810… என்பதற்காகக் காத்திருப்பதாகச் சொல்கிறது. யூயூஐடிகளைக் காட்டும் பிஎல்கேஐடி கட்டளையின் பட்டியலில் பார்த்துத்தான் எடுத்தேன்.

பதில் 2 (மோல்மீன்)

உள் யூயூஐடியை எடுத்துட்டீங்க. பிஎல்கேஐடி இரண்டு வரி காட்டும். /டெவ்/எஸ்டிஏ3 வரியில டைப் என்ற இடத்துல கிரிப்டோ_லக்ஸ் இருக்கும், அது வெளிப் பூட்டோட, அதாவது லக்ஸோட எண். /டெவ்/மேப்பர்/எஸ்டிஏ3_கிரிப்ட் வரியில இஎக்ஸ்டி4 இருக்கும், அது பூட்டைத் திறந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். கிரிப்ட்டேப்புக்கு வேண்டியது பூட்டோட எண். எஃப்எஸ்டேப்புக்கு உள்ளே இருக்கிறது. அண்ணன் சொன்ன லக்ஸ்யூயூஐடி கட்டளை வெளி எண்ணை மட்டும்தான் காட்டும்.

பயப்பட வேண்டாம், டேட்டா எல்லாம் பத்திரமா இருக்கு. அந்த ஷெல்லிலேயே:

கிரிப்ட்செட்டப் ஓப்பன் /டெவ்/எஸ்டிஏ3 எஸ்டிஏ3_கிரிப்ட்
எக்ஸிட்

பாஸ்வேர்டு கேட்கும், பிறகு வழக்கம்போல எழும். அதே அழைப்புப் பெயர்ல திறக்கிறது முக்கியம். வேற பெயர்ல திறந்து அப்டேட் ஓட்டினா, டார்கெட் கிரிப்ட்டேப்பில் இல்லைன்னு எச்சரிக்கை வந்து, ரூட்டுக்கான வரி இனிட்ராம்எஃப்எஸ்-ல சேராமலே போயிடும்.

திருத்திட்டு, ரீபூட்டுக்கு முன்னாடி கண்ணால பாருங்க: /பூட்-ல இருக்கிற இனிட்ஆர்டி கோப்பை அன்எம்கேஇனிட்ராம்எஃப்எஸ் வச்சு /டிஎம்பி-ல பிரிச்சு, உள்ளே கிரிப்ட்ரூட்/கிரிப்ட்டேப் கோப்புல சரியான எண் இருக்கான்னு படிங்க.

கேட்டவர்

எழுந்துவிட்டது. டிஸ்கை மாட்டி ஆறு தடவை ரீபூட் செய்தேன். மூன்று தடவை ரூட் எஸ்டிபி3-ல் இருந்தது, ஆறு தடவையும் பாஸ்வேர்டு கேட்டது. ஸ்வாப்புக்கும் யூயூஐடி போடலாமா?

பதில் 1 (பெகு)

முடியாது தம்பி, ஒவ்வொரு தடவையும் மேல எழுதுறதால அங்க யூயூஐடி நிலைக்காது. பார்ட்யூயூஐடி போடுங்க, அது பார்ட்டிஷன் டேபிள்ல இருக்கு, உள்ளே என்ன எழுதினாலும் மாறாது. எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,பார்ட்யூயூஐடி கொடுங்க, ஸ்வாப் எஸ்எஸ்டியோட சைஸைப் பார்த்து வரியை உறுதிப்படுத்திக்கிட்டு:

ஸ்வாப்0 /டெவ்/டிஸ்க்/பை-பார்ட்யூயூஐடி/(உங்கள் எண்) /டெவ்/யுரேண்டம் ஸ்வாப்

இந்த ஸ்வாப்பை வச்சு ஹைபர்னேட் ஆகாது, சாவி ஒவ்வொரு தடவையும் புதுசு. /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம் கோப்புல ரெஸ்யூம்=நன் எழுதி மறுபடி அப்டேட் ஓட்டுங்க.

2 டிபி டிஸ்கையும் லக்ஸ் செய்தா, கிரிப்ட்டேப், எஃப்எஸ்டேப் இரண்டுலயும் நோஃபெயில் (டிஸ்க் வராட்டியும் எழும்பு என்ற ஆப்ஷன்) சேருங்க. இல்லேன்னா அது வராத அன்னிக்கு 90 விநாடி காத்திருந்து, எமர்ஜென்சி மோடுல போய் நிக்கும்.