நல்லதங்காள் குறும்படம்: கிணற்றுக் காட்சிக்கு யோசனை வேண்டும்

வணக்கம். நல்லதங்காள் கதையை 15 நிமிடக் குறும்படமாக எடுக்கிறோம், ஆனால் அண்ணி மூளி அலங்காரியின் பார்வையில். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு வந்து நிற்கும் நாத்தனாரைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறாளே, அந்த நேரத்தில் அவள் வீட்டுக் குதிரில் எவ்வளவு தானியம் இருந்திருக்கும் என்ற கேள்வியிலிருந்துதான் படம் தொடங்குகிறது. அவள் செய்ததை நியாயப்படுத்தவில்லை.

சிக்கல் கிணறுதான். நல்லதங்காள் தன் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கிணற்றில் தள்ளுவதைக் காட்ட எனக்கு மனமில்லை, நடிக்கும் குழந்தைகளைக் கிணற்றருகே நிறுத்தவும் மாட்டேன். ஒலியை மட்டும் வைத்துச் சொல்லலாமா? தண்ணீர்ச் சத்தம் ஏழு முறை கேட்டால் பார்ப்பவர்கள் தாங்குவார்களா, இல்லை மூத்தவன் கெஞ்சுவதோடு நிறுத்திவிடலாமா?

அப்புறம், இந்தக் கதைப்பாடலை ஒப்பாரி மெட்டில் பாடத் தெரிந்த பாட்டிமார் யாராவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள், நேரில் வந்து கேட்டுப் பதிவு செய்துகொள்கிறோம்.