சிங்கப்பூர்–பெங்களூரு நாலரை மணி நேரம், சரி, கிருஷ்ணகிரி வரைக்கும்?

சிங்கப்பூருக்குப் புதிதாக வந்திருக்கும் தருமபுரித் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, சென்னைக்குத்தான் தூரம் கம்மியாகக் காட்டுகிறது. பொங்கலுக்கு அதிலேயே டிக்கெட் போட்டுவிடவா?"

வானத்துக் கணக்கு சரிதான். சிங்கப்பூரின் சாங்கி ஏர்போர்ட்டிலிருந்து சென்னை சுமார் 2,900 கி.மீ., நாலு மணி நேரம். பெங்களூரு 3,150 கி.மீ. பக்கம், நாலரை மணி நேரம். ஆனால் மீனம்பாக்கத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு ரோட்டில் 250 கி.மீ. இருக்கிறது, பெங்களூரு ஏர்போர்ட் இருக்கும் தேவனஹள்ளியிலிருந்து 130தான். மிச்சம் பிடித்த அரை மணி நேரத்தை வாலாஜா தாண்டுவதற்குள் தொலைத்துவிடுவீர்கள். கிருஷ்ணகிரியில் ரயில் நிலையமும் கிடையாது, பஸ்ஸோ காரோதான்.

பெங்களூரிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஏர்போர்ட் ஊருக்கு வடக்கே. நம் ரோடு தெற்கே. ஹெப்பால், சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி என்று மொத்த ஊரையும் கடந்துதான் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைப் பார்க்க முடியும். சாயங்காலம் இறங்கினால் விமானத்தில் உட்கார்ந்த நேரத்தைக் காரிலும் உட்கார வேண்டிவரலாம். நான் நள்ளிரவுக்கு மேல் இறங்குகிற விமானமாகப் பார்த்துத்தான் போடுவேன். பொழுது விடியும்போது ஓசூரில் டீ. கார் அனுப்புகிறவர்களிடம் இரண்டாவது டெர்மினல் என்று சொல்லிவிடுங்கள், வெளிநாட்டு விமானங்கள் அங்கேதான்.

தருமபுரிக்காரர்கள், அதிலும் தொப்பூர்ப் பக்கம் இருப்பவர்கள், திருச்சியையும் பாருங்கள். சேலம், நாமக்கல் வழியாக 200 கி.மீ. சொச்சம். தூரம் கூடத்தான், ஆனால் பெங்களூர் டிராஃபிக் இல்லை. அம்மா அப்பாவைத் தனியாக வரவழைக்கிறீர்கள் என்றால் நான் திருச்சியைத்தான் சொல்வேன்.

அப்புறம் டிக்கெட்டில் உள்ள மணி. இரவு 8க்குக் கிளம்பி 10க்கு பெங்களூரு என்று போட்டிருக்கும். இரண்டே மணி நேரமா என்று மலைக்காதீர்கள். அந்தந்த ஊர் மணியைத்தான் அச்சடிப்பார்கள்; சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. திரும்பி வரும்போது இதே பயணம் ஏழு மணி நேரம் மாதிரி தெரியும்.

இதைவிட மோசமானது நள்ளிரவு விமானம். என் மச்சானுக்கு வெள்ளிக்கிழமை 00:40 விமானம். மனிதர் வெள்ளி ராத்திரி பெட்டியோடு போய் நின்றார். விமானம் முந்தின ராத்திரியே போயிருந்தது. டிக்கெட் காசு போச்சு, பெட்டியில் இருந்த எள்ளுருண்டை மட்டும் பத்திரமாக வீடு திரும்பியது. அதிலிருந்து வீட்டுக்கு நான் தேதி சொல்வதே இல்லை. "வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூணு மணிக்குக் கிளம்புங்கள்" என்று மட்டும் சொல்கிறேன்.