மதியச் சாப்பாட்டு மிச்சம்: சோறு உருண்டை பிடிக்காமல் மக்க வழி உண்டா?

குழுவில் உள்ள அண்ணாச்சிமார், அக்காமாருக்கு வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் மதிய உணவு மிச்சத்தை உரமாக்குகிறோம். தினமும் சுமார் 10 கிலோ சேருகிறது, முக்கால்வாசி சாம்பார் சோறு.

கைகழுவும் இடத்தில் வாளி, அதன் வாயில் ஓட்டை போட்ட வடிதட்டு. பிள்ளைகள் அதில் தட்டைக் கவிழ்த்தால் சாம்பார் கீழே இறங்கிவிடும், சோறு மேலே நிற்கும். இதை விட்டுவிடக் கூடாது. குழம்போடு கொட்டினால் ஈரம் மிஞ்சும், உப்பும் உரத்தில் தங்கிச் செடியைக் கருக்கும். 200 லிட்டர் டிரம்மில் அடியிலும் பக்கத்திலும் அரை அங்குல ஓட்டைகள், கீழே செங்கல். ஒரு வாளி மிச்சத்துக்கு இரண்டு வாளி சருகு, இரண்டு கை பழைய உரம். மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறல். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுகிறோம்.

சிக்கல் சோறுதான். கிளறும்போது கொழுக்கட்டை மாதிரி உருண்டைகள் வருகின்றன. மேலே சருகு ஒட்டியிருக்கும். உடைத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று, புளிச்ச வாடை. உள்ளே காற்று போகவில்லை. வேப்பஞ்சருகு பொடியாக இருப்பதால் தேவலை. வாழைச் சருகை நறுக்காமல் போட்டால் பாய் விரித்த மாதிரி மூடிக்கொள்கிறது.

தென்னை நார்க்கழிவு கலந்தவர்கள் இருக்கிறீர்களா? வாளிக்கு எவ்வளவு? தென்காசிப் பக்கம் நார் மில்லில் மூட்டை என்ன விலைக்குத் தருகிறார்கள்? ஐப்பசி மழைக்கு முன்னால் காய்ந்த சருகை எதில் சேர்த்து வைக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சாக்கில் கட்டினால் பூஞ்சை பிடிக்கிறது.