மலை ரோட்டுக்கு எது: டர்போவா, சாதா எஞ்சினா?

நானுஓயா லொறி: நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகக் கொழும்புக்கு மரக்கறி. பழைய இசுசு லொறி பார்க்கிறோம். 6எச்எச்1 எஞ்சினா, டர்போ வைத்த 6எச்கே1 எஞ்சினா?

கம்பளை கராஜ்: 6எச்எச்1 8.2 லீற்றர், ஆனா டர்போ இல்லை. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், காற்று மெலிசு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அங்கே பலத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும், புகையும் கறுக்கும். 6எச்கே1 7.8 லீற்றர்தான், டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளி அந்தக் குறையைச் சமாளிக்கும். குதிரைவலுவை விட, குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை வருதான்னு பாருங்க.

தலவாக்கலை: அண்ணே, மரக்கறி இறங்கித்தானே போகுது! ஏறும்போது பசளை இல்லாட்டி வெறும் லொறி. பாரத்தோட இறங்க எக்ஸோஸ்ட் பிரேக்தான் (புகைக் குழாயை வால்வால் அடைத்து வேகத்தைக் குறைப்பது) முக்கியம். அந்த வால்வு கரி பிடித்து இறுகியிருந்தா கால் பிரேக் சூடேறி, பிடிக்காமப் போகும்.

கம்பளை கராஜ்: அதுவும் சரி. வாங்க முன்னாடி எஞ்சினை ஓடவிட்டு ஒயில் மூடியைக் கழற்றுங்க. புகை குபுகுபுன்னு தள்ளினா பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். எஞ்சினை நிறுத்தி, ஆறினதும் டர்போ தண்டை விரலால ஆட்டுங்க, மேலும் கீழும் நல்லா ஆடினா வேண்டாம். காமன் ரெயில்னா (டீசலை உயர் அழுத்தத்தில இன்ஜெக்டருக்கு அனுப்பும் முறை) டீசல் பில்டர்ல தண்ணி தேங்க விடாதீங்க, இன்ஜெக்டர் போயிடும். ஏற்றம் முடிந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தாம, டர்போ சூடு ஆற 3 நிமிஷம் ஐட்லிங்ல விடுங்க.